எழுந்து இடங்கொடுத்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



பஸ் வண்டியில் எழுந்து இடங்கொடுப்பதைப் பற்றி ஆண்டு விழா மேடையிற் பேசுவது தகுமோ என்று சிலர் எண்ணக்கூடும். இத்தகைய மேடைகளில் மொழியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றியும் பேசக் கேட்டிருக்கிறோம். அவை பெரிய விடயங்கள். அவற்றைப் பேசப் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். எனக்குத் தந்த அரை மணித்தியாலத்துக்கு இச்சிறிய விடயமே போதும் என்று எடுத்துக்கொண்டேன். இதில் ஒரு வசதியும் உண்டு. இம்மண்டபத்தில் இருப்போரிற் பலர் பஸ்ஸில் வந்தவர்கள். கூட்டம் முடிந்ததும் பஸ்ஸிலேயே திரும்பப் போகிறவர்கள். மற்றைய பேச்சாளர்கள் சொன்னவற்றைச் சோதித்துப் பார்க்கப் பல ஆண்டுகள் செல்லும். நான் சொல்வதை இன்று மாலையே சோதித்துவிடலாம்.

நம் வீட்டு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். வாசலில் ஒருவர் வந்து நின்றால் நம் வாயில் வரும் முதற் சொல் “வாங்கோ”. அடுத்த சொல் “இருங்கோ”. தேத்தண்ணீரும் சுகவிசாரணையும் அதற்குப் பிறகுதான். கதிரை இல்லாத வீட்டிற் பாய் விரிப்பார்கள். பாயும் இல்லையெனில் திண்ணையைத் துடைத்து விடுவார்கள். பூசையில் இறைவனுக்குச் செய்யப்படும் பதினாறு உபசாரங்களின் வரிசையும் இதுவே. ஆவாகனம் முதலாவது, ஆசனம் இரண்டாவது. நீரும் சந்தனமும் மலரும் தூபமும் தீபமும் பின்னரே வருகின்றன. வந்தவரை நிற்க வைத்துக்கொண்டு மற்றவற்றைச் செய்வது உபசாரமாகாது என்பதை இவ்வரிசையை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். எல்லோருக்குமா நாம் ஆசனங் கொடுத்தோம் என்றொரு கேள்வி உங்களில் யாருக்காவது எழுமானால், அது நியாயமான கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இத்தகைய வீட்டுப் பிள்ளை பஸ்ஸில் ஏறியதும் வேறொரு பிள்ளை ஆகிவிடுகிறான். வண்டி வந்து நிற்குமுன்பே ஓடிச்சென்று, யன்னலாற் கைலேஞ்சியையோ புத்தகத்தையோ எறிந்து இடம்பிடிக்கும் கலையில் நம்மவர் தேர்ந்தவர்கள். இடம் கிடைத்த பின்னர் ஒரு விசித்திரமான நோய் வருகிறது. கழுத்து யன்னற்பக்கம் திரும்பி அப்படியே இறுகிவிடும். முன்னாளில் வெளியேயுள்ள தோட்டங்களைப் பார்த்தார்கள். இந்நாளிற் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். வேறு சிலருக்கு உடனே நித்திரை வந்துவிடும். பக்கத்தில் முதியவர் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி தடுமாறிக்கொண்டு நிற்குமளவும் அந்நித்திரை கலையாது. தாம் இறங்கவேண்டிய தரிப்பு வந்ததும் தானாகவே கலையும். இந்நோயை எந்த வைத்தியரும் இன்னும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

“நானும் காசு கொடுத்துத்தானே வந்தேன்” என்பது இவர்களுடைய நியாயம். இந்த நியாயத்தைச் சற்று உரைத்துப் பார்ப்போம். சாதாரண பஸ்ஸிலே இருப்பவருக்கும் நிற்பவருக்கும் கட்டணம் ஒன்றே. ஆகவே அந்தக் காசு நம்மை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்கான கூலி. ஆசனத்தின் விலை அதில் இல்லை. ஆசனம் எப்படிக் கிடைத்தது? யாழ்ப்பாணத்துப் பஸ் நிலையத்திற் பருத்தித்துறை வண்டியில் ஏறியவருக்கு இடம் கிடைக்கிறது; கோப்பாயில் ஏறுபவர் நிற்கிறார்; நீர்வேலியில் ஏறுபவர் மிதிபலகையில் நிற்கிறார். கோப்பாயில் வீடு இருப்பது ஒருவர் செய்த குற்றமன்று. பட்டணத்தில் ஏறியது மற்றவருடைய சாமர்த்தியமுமன்று. தற்செயலாகக் கிடைத்த ஒன்றை விலைகொடுத்து வாங்கியதுபோல எண்ணிக்கொள்கிறோம்.

நெருக்கடியை நாம் உண்டாக்கவில்லையே என்பீர்கள். உண்மைதான். 1958 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் தேதி பஸ் சேவை முழுவதும் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கையில் வந்தது. 1979 இல் தனியார் வண்டிகளுக்கு மறுபடியும் இடமளிக்கப்பட்டது. இன்று இரண்டும் ஓடுகின்றன. தனியார் வண்டியிலே அன்றாடம் சேரும் பணமே உரிமையாளருக்கும் சாரதிக்கும் நடத்துநருக்கும் வருமானமாதலால், “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ” என்ற குரல் ஓய்வதில்லை. உள்ளே போக இடமிருக்கிறதா என்பது அக்குரலுக்குத் தெரியாது. 2022 இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது மோட்டார் சைக்கிளில் திரிந்தவர்களும் பஸ்ஸுக்கு வந்தார்கள். அந்த மாதங்களில் வண்டிகள் சென்ற கோலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வண்டிகளைப் பெருக்க வேண்டியது ஆள்வோர் கடமை. அதை அவர்களிடம் வற்புறுத்திக் கேட்போம். அவர்கள் அதைச் செய்து முடிக்கும் வரையில், ஒருபக்கம் மூவரும் மறுபக்கம் இருவருமாக இருக்கும் அந்த ஆசனங்களில் யார் இருப்பது என்ற கேள்வி நமக்குரியது.

இதற்கு அரசாங்கம் ஒரு வழி கண்டிருக்கிறது. வண்டியின் முன்புறத்திற் சில ஆசனங்கள் மதகுருமாருக்கென எழுதி ஒதுக்கப்பட்டுள்ளன. கர்ப்பிணித் தாய்மாருக்கென எழுதிய ஆசனங்களும் பல வண்டிகளில் உண்டு. எழுதியது நல்லதே. ஆயினும் எழுத்துக்கு ஒரு பக்கவிளைவு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கர்ப்பிணி ஒருவர் ஏறினால் எல்லாருடைய கண்ணும் அந்த எழுதிய ஆசனத்தில் இருப்பவரையே பார்க்கின்றன. மற்றைய ஐம்பது பேரும் தமக்கு விடுதலை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஜப்பானியர் மரியாதைக்குப் பெயர் பெற்றவர்கள். அவர்களும் இவ்விடத்திற் சறுக்கினார்கள். ஜப்பானிய தேசிய ரெயில்வே 1973 ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 ஆந் தேதி, அந்நாட்டில் முதியோரைக் கௌரவிக்கும் தினத்திலே, தோக்கியோவில் ஒரு பாதையில் முதியோருக்கென “வெள்ளி ஆசனம்” என்ற பெயரால் இடம் ஒதுக்கியது. அவ்வாசனங்களுக்குக் கிடைத்த துணி வெள்ளிச் சாம்பல் நிறமாயிருந்ததனால் அப்பெயர் வந்தது என்பர். பின்னர் ஒசாக்காப் பக்கத்தில் ஓடும் ஹன்கியூ என்னும் ரெயில் கம்பனி 1999 இல் ஒரு படி மேலே சென்றது. தனியாக ஒதுக்கிய ஆசனங்களை நீக்கி, “எல்லா ஆசனங்களும் தேவைப்பட்டவர்க்கே முதலில்” என்று அறிவித்தது. எண்ணிப்பாருங்கள், எத்துணை உயர்ந்த கருத்து! எட்டு ஆண்டுகள் பார்த்தார்கள். எல்லாருக்கும் உரிய கடமை ஒருவருக்கும் உரியதன்று என்றாகி, முதியோருக்கு இடங்கிடைப்பது அரிதாயிற்று. 2007 இல் மறுபடியும் ஆசனங்களை ஒதுக்கி எழுத வேண்டியதாயிற்று. எழுதினால் மற்றவர்கள் தப்பிக்கொள்கிறார்கள்; எழுதாவிட்டால் எல்லாருமே தப்பிக்கொள்கிறார்கள். பலகையில் எழுதுவது ஓரளவுக்கே உதவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

“தேவைப்பட்டவர் வாய் திறந்து கேட்கலாமே, கேட்டால் யார் மாட்டேன் என்பார்?” என்று சிலர் சொல்வர். இதையும் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்ரான்லி மில்கிரம், நியூயோர்க் நகரத்து நிலக்கீழ் ரெயிலுக்குத் தம் மாணாக்கரை அனுப்பினார். நோயோ முதுமையோ இல்லாத அவ்விளைஞர்கள், இருக்கும் பிரயாணி ஒருவரிடம் சென்று, காரணம் எதுவுஞ் சொல்லாமல், “உங்கள் ஆசனத்தைத் தருவீர்களா?” என்று கேட்கவேண்டும். முரட்டு நகரமென்று பேர்பெற்ற நியூயோர்க்கிலே நூற்றுக்கு 68 பேர் எழுந்தோ நகர்ந்தோ இடங்கொடுத்தார்கள். “நின்றுகொண்டு புத்தகம் வாசிக்க முடியவில்லை” என்று அற்பக் காரணம் ஒன்றைச் சொல்லிக் கேட்டபோது அத்தொகை 42 ஆகக் குறைந்தது. காரணமே இல்லாமற் கேட்பவருக்கு ஏதோ பெருங் காரணம் இருக்கும் என்று எண்ணினார்கள் போலும்.

எனக்கு இதிலும் முக்கியமாகப் படுவது கேட்கப் போனவர்களின் பாடு. மாணாக்கர் பலர் அந்த ஒரு வசனத்தைச் சொல்ல முடியாமல் திரும்பி வந்தார்கள். ஏன் என்று அறியப் பேராசிரியர் தாமே சென்றார். ஆசனமொன்றின் முன்னே போய் நின்றதும் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒருவாறு கேட்டு, அந்த மனிதர் எழுந்து இடங்கொடுத்த பின்னர், தாம் உண்மையாகவே நோயாளிதான் என்று காட்டவேண்டும் போல உணர்ந்து, தலையைக் குனிந்துகொண்டு இருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நோயற்ற, கற்ற, பெரிய பதவியிலிருந்த ஒருவருக்கே அந்தக் கதி. எட்டு மாதக் கர்ப்பிணிக்கு, காலையிலிருந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுவிட்டு வரும் கிழவருக்கு, அந்த வசனம் எவ்வளவு பாரமாயிருக்கும்? நம்மூரில் “தம்பி, கொஞ்சம் எழும்பு மோனை” என்று கேட்கும் துணிவு சில ஆச்சிமாருக்கு உண்டு. அவர்கள் வாழ்க! மற்றவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்பதிலும் நின்று சாவது மேல் என்றிருப்பார்கள்.

ஆகவே நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே. கேட்கவேண்டிய நிலைக்கு அவரை வரவிடாதிருப்பதுதான் மரியாதை. கேட்ட பின்பு கொடுப்பது வெறுங் கணக்குத் தீர்த்தல். வண்டி ஒவ்வொரு தரிப்பிலும் நிற்கும்போது, யார் ஏறுகிறார் என்று ஒருமுறை தலை நிமிர்ந்து பார்க்கவேண்டும். இதற்கு இரண்டு விநாடி செல்லும். எழுந்து நிற்பது கால்களின் வேலை. அதை வாலிபர் எவரும் செய்வர். பார்ப்பதுதான் கடினமானது. கண்டுவிட்டால் எழவேண்டி வருமே என்பதற்காகவே நாம் காணாதிருக்கிறோம்.

இனி முன்னர் ஒத்திவைத்த கேள்விக்கு வருகிறேன். எல்லோருக்குமா நாம் ஆசனங் கொடுத்தோம்? இல்லை. நம் யாழ்ப்பாணத்தில், 1940களிலும் 50களிலுங்கூட, பஸ்ஸிலே காலியான ஆசனம் இருந்தும் இருக்கக்கூடாதென்று தடுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியார் என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் நிற்கவேண்டும், அல்லது தரையிற் குந்தவேண்டும். அதே கட்டணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் நின்றார்கள். பாடசாலையிலும் அப்படியே. 1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் யாவரும் சரிநிகராக இருக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, வாங்கில் ஒரு பிள்ளை இருப்பதை எதிர்த்து நம்மூர்ப் பெரியவர்கள் மனுக்கள் எழுதினார்கள். அதனை ஆதரித்து நின்றவர்களில் வாலிபர் பலர் என்பதையும் சொல்லவேண்டும். 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது, தீண்டாமையை எதிர்த்தது; சமபந்தி போசனம் நடத்தியது. 1957 இல் இயற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவருக்கு இத்தகைய தடை விதிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்த மறுநாளே மனம் மாறிவிடவில்லை என்பதை இங்கிருக்கும் முதியவர்கள் அறிவார்கள்.

பஸ் ஆசனத்தை வைத்து உலகறிந்த போராட்டம் ஒன்று அந்நாளிலேயே வேறொரு நாட்டில் நடந்தது. 1955 ஆம் ஆண்டு திசெம்பர் முதலாந் தேதி, அமெரிக்காவின் மொன்ற்கொமறி நகரிலே, வேலை முடிந்து வீடு திரும்பிய றோசா பார்க்ஸ் என்னும் தையற்காரப் பெண்மணி பஸ்ஸில் இருந்தார். வெள்ளையர் ஒருவருக்கு இடம் வேண்டியிருந்தது. ஒருவர் இருப்பதற்காக அவ்வரிசையிலிருந்த கறுப்பர் நால்வரையும் எழுந்திருக்கும்படி சாரதி கட்டளையிட்டார். மூவர் எழுந்தனர். றோசா பார்க்ஸ் எழவில்லை. அவரைக் கைதுசெய்தார்கள். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வேலைக்குச் சென்றார்கள். ஈற்றில் நீதிமன்றம் அவ்வழக்கத்தை ஒழித்தது.

இவ்விரண்டையும் இவ்விடயத்துக்குள் ஏன் கொண்டுவருகிறேன் என்று கேட்பீர்கள். எழுந்து நிற்றல் என்ற செயல் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். தன்னிலும் தளர்ந்தவரைக் கண்டு ஒருவர் தானாக எழுகிறார். இன்னொருவர், தன்னை எழுப்பும் வல்லமை உடையவருக்குப் பயந்து எழுகிறார். நம் சமூகத்தில் எழுந்து நிற்கும் பழக்கம் மிக உண்டு. பெரிய உத்தியோகத்தர் வந்தால் எழுகிறோம். காசுக்காரர் வந்தால் எழுகிறோம். அதை மரியாதை என்றும் சொல்லிக்கொள்கிறோம். பஸ்ஸில் நல்ல வேட்டி கட்டிய பெரியவருக்கு உடனே எழுந்து இடங்கொடுத்துவிட்டு, மீன்கூடையோடு ஏறிய முதியவளைக் காணாதிருந்த வாலிபர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாலிபர் பெரியவருக்குக் கொடுத்தது ஆசனமா, காணிக்கையா என்று ஐயமாயிருக்கிறது. கூடைக்காரி அதிகாலையில் எழுந்தவள். கால்நாளைக்கு முன்பே ஒரு முழுநாள் வேலை செய்தவள். மணக்கிறது என்று முகத்தைச் சுழிப்பவர், பகல் சோற்றிலே அந்த மீனைத் தேடுவார்.

அடுத்ததாகப் பெண்கள் விடயம். இதனை மேடையிற் பேச நம்மவர் கூசுவார்கள், கூசாமற் பேசவேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையிற் பஸ்ஸிலும் ரெயிலிலும் செல்லும் பெண்களில் நூற்றுக்கு 90 பேர் ஒருமுறையேனும் பாலியற் தொந்தரவுக்கு ஆளானவர்கள். பொலிசாரின் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு 4 பேர் மாத்திரமே. இங்கே இருக்கும் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் இத்தொகை வியப்பளிக்காது. ஆண்களே இதைக் கேட்டுத் திடுக்கிடுவர். நெருக்கத்தை மறைவாகக் கொண்டு இழிசெயல் புரிபவன் ஒருவன். கண்டும் காணாததுபோல் நிற்பவர்கள் இருபது பேர். பள்ளிக்கூடச் சிறுமி ஒருத்தி நெளிந்து நெளிந்து முன்னே நகர்வதைக் கண்டால், “தங்கச்சி, இதிலை வந்து இருங்கோ” என்று எழுந்துவிடுங்கள். அந்த ஒரு சொல்லிலே அவளுக்கு இடமும் கிடைக்கிறது. இழிசெயல் புரிந்தவனுக்குத் தன்னை ஒருவர் கண்டுவிட்டார் என்ற செய்தியும் கிடைக்கிறது. அவன் அதற்கும் அடங்கவில்லையெனில் நடத்துநரை உரத்த குரலில் அழையுங்கள். அவ்வேளையிலே மெதுவாகப் பேசுவது நாகரிகமன்று.

தேவை எப்போதும் வெளியே தெரிவதில்லை என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும். நரைத்த தலையும் பெரிய வயிறும் கைத்தடியும் நம் கண்ணிற் படும். வேறு சில படா. நம் மண்ணிலே 2009 வரையும் யுத்தம் நடந்தது. கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர் நம்மிடையே வாழ்கிறார்கள். நீளக் காற்சட்டைக்குள்ளே ஜெய்ப்பூர்க் கால் பூட்டிய ஒருவர் உங்களுக்கு முன்னே நின்றால் அவர் திடகாத்திரமான மனிதராகவே தோன்றுவார். வண்டி வளைவில் திரும்பும்போது அவர் கம்பியைப் பிடிக்கும் பிடியைப் பார்த்தால்தான் தெரியும். உடம்பிலே உலோகத் துண்டுகளோடு திரிபவர்களும் உண்டு. இப்படிப்பட்டவர் ஒருவர் ஆசனத்தில் இருக்கும்போது, “வயதுபோன மனுசி நிற்க, இளந்தாரி இருக்கிறதைப் பாருங்கோ” என்று வண்டி முழுவதுங் கேட்கச் சொல்லும் நீதிமான்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவர் என்ன செய்வார்? காற்சட்டையைத் தூக்கிக் காட்டுவாரா?

லண்டன் நகரத்திலே 2005 முதற் கர்ப்பிணிகளுக்கு ஒரு சின்னம் கொடுத்து உடையிற் குத்திக்கொள்ளச் செய்திருக்கிறார்கள். 2017 முதல், வெளியே தெரியாத நோயுடையவர்களுக்கும், “தயவுசெய்து எனக்கு ஆசனந் தாருங்கள்” என்று எழுதிய சின்னம் வழங்குகிறார்கள். வாயாற் கேட்க முடியாததைச் சட்டையில் எழுதிக் கேட்கிறார்கள். நம்மூரில் இது நடவாது என்பது என் எண்ணம். தன் நோயை ஊரறியக் குத்திக்கொண்டு திரிய நம்மவர் ஒருப்படார். ஆதலால் இரண்டு விதிகள் போதும். நமக்கு இயலுமாயின், ஐயம் இருந்தாலும் எழுந்துவிடுவோம். மற்றவர் எழவில்லையென்றால், அவரிடம் காரணங் கேளாதிருப்போம். பிறரை எழுப்பிவிட்டுப் புண்ணியந் தேடுவது மலிவான புண்ணியம்.

எழும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இடங்கொடுத்தும் மனத்தைப் புண்படுத்துவோர் உளர். “வயது போனவர், பாவம், இருக்கட்டும்” என்று உரக்கச் சொல்லிக்கொண்டு எழுபவரைக் கண்டிருப்பீர்கள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணியிடம் “ஆச்சி, இருங்கோ” என்றால் அவர் இருக்கவே மாட்டார். அன்றிரவு கண்ணாடியையும் பார்ப்பார். “அம்மா” என்றோ “அக்கா” என்றோ அழைப்பது எப்போதும் பாதுகாப்பானது. மிக நல்ல முறை, ஒன்றும் பேசாமல் எழுந்து, இரண்டடி நகர்ந்து, கையால் ஆசனத்தைக் காட்டிவிட்டு வேறுபக்கம் பார்ப்பது. அடுத்த தரிப்பில் இறங்குபவர்போலக் கதவுப்பக்கம் சென்றுவிட்டால் இன்னும் நன்று. பெறுபவருக்கு நன்றி சொல்லவேண்டிய பாரமும் இராது. எழும்போது ஓர் எச்சரிக்கை உண்டு. நீங்கள் எழுந்ததற்கும் அந்த அம்மா வந்து சேர்வதற்கும் இடையே, எங்கிருந்தோ ஒருவர் பாய்ந்து அந்த ஆசனத்தில் இருந்துவிடுவார். ஆகவே அவர் இருக்கும்வரையும் ஆசனத்தின் ஓரத்திற் கையை வைத்துக்கொள்ளுங்கள்.

மூவர் இருக்கும் ஆசனத்தில் நடைபாதைப் பக்கம் இருப்பவர், உள்ளே இடம் காலியானாலும் நகரமாட்டார். முழங்காலைச் சற்றே சரித்து, “உள்ளுக்குப் போங்கோ” என்பார். முழங்கால் நோயுள்ள முதியவர் அந்த அரைச்சாண் வழியாலே தாண்டிப் போகவேண்டும். நீங்களே உள்ளே நகர்ந்தால் என்ன? யன்னலோரம் காற்றும் வரும்.

ஒரு விடயத்தில் நம் நாட்டவரைப் போற்றாமல் இருக்கமுடியாது. நிற்பவரின் சுமையை இருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை நான்கைந்தை அடுக்கி, அவற்றின்மேல் நாடியை வைத்துக்கொண்டு வரும் அப்புமாரை எந்த வண்டியிலும் காணலாம். முன்பின் அறியாதவரிடம் பையைக் கொடுப்பவருக்குச் சந்தேகமில்லை, வாங்குபவருக்குச் சலிப்பில்லை. தமிழர் பகுதியிலும் சிங்களவர் பகுதியிலும் மொழி தெரியாமலே கையை நீட்டிப் பையை வாங்குகிறார்கள். இதற்கு எந்தப் பலகையிலும் எழுத்தில்லை. இவ்வளவு செய்யத் தெரிந்த மனிதருக்கு எழுந்து நிற்கவும் தெரியாமற் போகாது.

இனி, பெறுவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஓர் இளைஞன் எழுந்து இடந்தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். “வேண்டாம் தம்பி, நான் நிற்பன்” என்று நான்கு முறை மறுத்தால், அவன் எழுந்த நிலையிலே, எல்லாரும் பார்க்க, என்ன செய்வதென்று அறியாமல் நிற்பான். அடுத்த முறை எழுவதற்குத் தயங்குவான். சிலர் தாம் இருந்தபின் பக்கத்தில் நிற்கும் தம் பத்து வயதுப் பேரனையும் மடியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்திலிருப்பவரையும் நெருக்கி, தம் கூடைக்கும் இடந் தேடுவர். அதுவும் அளவோடு இருக்கட்டும்.

“அரை மணித்தியாலப் பயணத்துக்கு நீர் சொல்வது சரி, கொழும்புக்குப் போகும்போது என்ன செய்வது?” என்று என்னிடம் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 இல் நின்று, 2014 இல் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் அவ்வழியிலே ஓடும் புகையிரதங்களின் மூன்றாம் வகுப்பில் நிற்கவே இடமிராது. அங்கே ஓர் இளைஞனை எழுப்பி, ஏழெட்டு மணித்தியாலம் நில் என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்கும் கால்கள் உண்டு; மறுநாள் வேலையும் உண்டு. அவ்விடத்திற் பகிர்ந்துகொள்வதே முறை. வவுனியா வரையும் ஒருவர், வவுனியாவிலிருந்து மாகோ வரையும் மற்றவர், பின்னர் பொல்காவலை வரையும் முன்னவர் என்று பேசிக்கொள்ளலாம். அறிமுகமில்லாதவர்கள் இப்படி மாறி மாறி இருந்து, கொழும்புக்கோட்டையில் இறங்கும்போது முகவரி எழுதிக் கொடுத்ததும் உண்டு. இதில் ஒன்றை மாத்திரம் கவனியுங்கள். முறை மாறவேண்டிய நிலையம் வந்துவிட்டதென்று நினைவூட்ட வேண்டியவர், இருப்பவரேயன்றி நிற்பவர் அல்லர்.